ஒரே பிலிம் துண்டில் இருக்கிறோம், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வியாழக்கிழமை உங்கள் வருஷத் திதி முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு சித்தி உங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஆங்கர் பால்மா டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது உனக்குத்தான் போவணும்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். எப்போது சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. 2009-க்கு முன்னாலா, பின்னாலா என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

அன்றைக்கு நான் உங்களைப் பேசியது எல்லோர் முன்னாலும். அதனால் இதையும் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஆனால் சிலதை எழுத மாட்டேன். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன உங்கள் யூனிட்டின் பெயர், படங்களில் உங்களோடு நிற்கிறவர்களின் பெயர் எதுவும் இதில் இருக்காது. அவர்களில் பாதிப் பேர் இன்னும் எங்கேயோ பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இருப்பார்கள். இதை இலங்கை வன்னியில் பிறந்தவர்கள் படிக்கலாம். நம்ம போச்சம்பள்ளி சந்தையில் உங்களுக்கு வணக்கம் வைத்தவர்களும் படிக்கலாம். இரண்டு பேரும் உங்களை ஒரே வார்த்தையால் சொல்ல மாட்டார்கள். சித்தியும் படிப்பார். அவருக்கு நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்லப் போவதில்லை.

டப்பாவில் ஐந்து ரோல். ஆறு ஆறு படமாக வெட்டி, கோனிகா கவரில் போட்டு, இடையிடையே காய்ந்த வேப்பிலை. ஆல்பத்தில் இருந்த பிரிண்ட்டுகள் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டன, பின்னாலிருந்த பசை மஞ்சள் கோடாக மேலே ஏறிவிட்டது. நெகட்டிவ்கள் அப்படியே இருக்கின்றன. ஸ்டுடியோவை எட்டு மணிக்கு மூடிவிட்டு, லைட் பாக்ஸில் வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். நாலு ராத்திரி ஆயிற்று.

பெரும்பாலும் சாமான்கள்தான், சித்தப்பா. மனிதர்கள் குறைவு. கிரவுண்ட் ஷீட்டை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, நேர் மேலே நின்று எடுத்திருக்கிறீர்கள். மண்ணைக் குத்திப் பார்க்கிற புராடர் கம்பி, கம்பி வெட்டுகிற கத்தரி, பாதை குறிக்கிற வெள்ளை நாடா, தண்ணீர் பாட்டில், மெஸ் டின். இன்னொன்றில் நாலு எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைக் கூம்பாக நிறுத்தி வைத்திருக்கிறது, மரக்கட்டை எண்ணெய் போட்டுப் பளபளக்கிறது. சக்திமான் லாரியின் உடைந்த முன்பக்கம். காட்டுக்குள் திறந்த இடத்தில் இறங்கியிருக்கிற எம்.ஐ.-8 ஹெலிகாப்டர், சுற்றிலும் புழுதி. முதுகில் வயர்லெஸ் செட்டோடு ஒருவர், ஏரியலை வளைத்துத் தோளில் கட்டியிருக்கிறார். ஏரியல் நீட்டிக்கொண்டு நின்றால் முதல் குண்டு அவருக்குத்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். தோண்டி எடுத்த ஒரு பிளாஸ்டிக் கேன். அதைத் தனியாக நாலு பக்கமும் எடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நான் கல்யாண நகையை எடுக்கிற மாதிரி அவ்வளவு பொறுமையாக.

அந்தக் கேனைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எனக்கு முதலில் புரிந்த போர். கண்ணிவெடியில் இரும்பு இருந்தால் டிடெக்டர் சத்தம் போடும். புலிகள் பிளாஸ்டிக்கிலும் பலகையிலும் செய்தார்கள், அதனால் மிஷின் ஊமை. வயிற்றில் படுத்துக்கொண்டு கம்பியைச் சாய்வாகக் குத்தி, விரலால்தான் கேட்க வேண்டும். "நேராக் குத்துனா மேல பட்டுரும். சாச்சுக் குத்தணும், கன்னத்துல தொடுற மாதிரி." நம் திண்ணையில் மாட்டுச் சாணி மெழுகிய தரையில் குச்சியை வைத்துச் செய்து காட்டினீர்கள். எனக்கு ஒன்பது வயது.

அப்போது நான் கேட்டதெல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான். நீங்களும் அலுக்காமல் சொன்னீர்கள். மூன்றே முக்கால் அடி நீளம், மேகசினில் 20 தோட்டா, தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் தோள்பட்டை இறங்கிவிடும். எதிரே இருக்கிறவர்களிடம் ஏ.கே., மூன்றடிகூட இல்லை, 30 தோட்டா. முல்லைத்தீவுக் காட்டில் பாலையும் வீரையும் முள்ளும் பின்னிக் கிடக்கும், பத்தடிக்கு அப்பால் தெரியாது, நீளமான துப்பாக்கி கொடியில் மாட்டும். "நம்ம அஞ்செட்டிக் காடுன்னு நெனச்சுக்காத. அங்க யானை வந்தாலும் சத்தம் கேக்கும். இங்க எதுவுமே கேக்காது." நித்திகைக்குளம், அலம்பில், ஒட்டுசுட்டான், முள்ளியவளை. பாலக்கோடு, பென்னாகரம் தெரிவதற்கு முன்னால் எனக்கு இந்தப் பெயர்கள் தெரியும்.

தம்பி என்கிற சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? எங்கள் அப்பாவுக்கு நீங்கள் தம்பி. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் அங்கேயும் தம்பி, ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். கடல் தாண்டிப் போனால் வீட்டு வாசலில் நிற்கிற ஒவ்வொரு பெரியம்மாவும் தம்பி. "எவடம் தம்பி?" என்று கேட்பார்களாம். தர்மபுரி ஜில்லா என்பீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக 2004 ஆக வேண்டியிருந்ததே. யாருக்கும் தர்மபுரி தெரியாது. ஆனால் தமிழ் கேட்டதும் முகம் கொஞ்சம் இளகும், அப்புறம் உடையைப் பார்த்ததும் மறுபடி இறுகும் என்றீர்கள். அந்தக் காட்டுக்குள் நீங்கள் தேடிப்போன பிரபாகரனையும் அவர்கள் தம்பி என்றுதான் சொன்னார்கள். அதை நீங்கள் சொல்லவில்லை, நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

ஹெலிகாப்டர் முன்னால் நீங்கள் நிற்கிற படம் கூடத்தில் தொங்கியது. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொலையான பிறகு அப்பா பயந்துபோய்க் கழற்றினார். போலீஸ் வந்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று யார் விளக்கம் சொல்வது என்றார். நீங்கள் இந்திய ராணுவத்தில் இருந்தவர், படத்தில் இருப்பது ராணுவ உடை. ஆனாலும் இலங்கை என்ற சொல்லே வீட்டில் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தின வருஷம் மார்ச் 24-ல் கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியபோது, மெட்ராஸில் வரவேற்புக்கு அப்போதைய முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. நீங்கள் சில வாரம் முன்னாலேயே ஊர் வந்துவிட்டீர்கள். ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டீர்கள் என்று பாட்டி சொல்லும். சுமார் 1,200 பேரை அங்கே விட்டுவிட்டு வந்த படை. உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அவர் ஏன் போகவில்லை என்பது வளர்ந்த பிறகு எனக்குப் புரிந்தது. இரண்டும் ஒன்றாக எனக்குள் இருக்கிறது, எதை முதலில் எழுதினாலும் இன்னொன்றுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறது.

சரி. அந்த நாளுக்கு வருகிறேன்.

2009 மே. தேர்தல் முடிவு வந்து இரண்டு மூன்று நாள். சந்தூரில் காய் இறங்கும் நேரம், பெங்களூரா காய் வண்டி வண்டியாக ஜூஸ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் வாசலில் மண்டிக்காரர் இருந்தார், அப்பா இருந்தார், அத்தை இருந்தார், கூலிக்கு வந்த நாலு பேர் இருந்தார்கள். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கென்று ஒதுக்கிய அல்போன்சாவைக் காம்பு கிள்ளி வைக்கோலில் கவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். காம்புப் பால் பட்டு உங்கள் இடது கட்டைவிரல் கறுத்திருந்தது. துண்டில் துடைப்பீர்கள், அடுத்த பழத்தை எடுப்பீர்கள், மறுபடி துடைப்பீர்கள்.

டிவியில் இலங்கைப் போரின் கடைசி நாட்கள், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம். மூட்டையும் குழந்தையுமாகச் சனங்கள் அதன்மேல் வந்துகொண்டே இருந்தார்கள். நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தீர்கள். பழம் கையிலேயே இருந்தது. "அந்தப் பாலத்துக்கு அடியில மொழங்கால் தண்ணியில நின்னு, ஒவ்வொரு கண்ணாத் தடவிப் பாத்திருக்கேன்டா" என்றீர்கள்.

பெருமையாகச் சொன்னீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்தக் குரலை நினைத்துப் பார்த்தால் பெருமை இல்லை. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் கேட்டது.

"தடவிப் பாத்து யாருக்கு வழி பண்ணிக் குடுத்தீங்க?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியைச் சொன்னேன். 1987 அக்டோபர் 21-ம் தேதியைச் சொன்னேன். நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் சுட்டவர்கள்தானே நீங்களெல்லாம் என்றேன். மண்டிக்காரர் எழுந்து வெளியே போனார். அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் நிறுத்தவில்லை.

அந்தத் தேதியில் நீங்கள் இலங்கையில் காலே வைக்கவில்லை. 1988-ல்தான் போனீர்கள். எனக்கு அது தெரியும், சித்தப்பா. தெரிந்தேதான் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கையிலிருந்த பழத்தை என் பக்கம் நகர்த்தினீர்கள். "வெயில்ல வெச்ச பழம், சூடு. தண்ணியில போட்டுட்டுச் சாப்பிடு" என்றீர்கள். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோப்புக்குப் போனீர்கள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். கேட்கிறேன். ஆனால் சொன்னது முழுக்கத் தப்பு என்று எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது நடந்ததுதான். அந்த வாரங்களில் ஹெலிகாப்டரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கிவிடப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் 29 பேர் உயிரோடு திரும்பவில்லை என்பதும் நடந்ததுதான். இரண்டையும் நான் புத்தகத்தில் படித்தேன், நீங்கள் புத்தகமே படிக்காமல் சுமந்தீர்கள். உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல், எவன் மீதோ இருந்த கோபத்தை, பழம் அடுக்கிக்கொண்டிருந்த மனிதன் மேல் கொட்டினேன். அதற்குத்தான் மன்னிப்பு.

நீங்களும் சும்மா இருந்திருக்கக் கூடாது. திட்டியிருக்கலாம், ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம். பிற்பாடு மறுபடி மாட்டியிருந்த அந்த ஹெலிகாப்டர் படத்தை அடுத்த நாள் நீங்களே கழற்றி வைத்தீர்கள். அதற்கப்புறம் என் ஸ்டுடியோவில் நீங்கள் கால் வைக்கவில்லை. என் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது "நான் எதுக்கு, நீங்க நில்லுங்க" என்று பந்திப் பக்கம் போய்விட்டீர்கள். காது குத்து, வீடு குடிபுகுதல், உங்கள் மகனின் நிச்சயம், எல்லாவற்றிலும் நான் கேமராவைத் தூக்கினால் நீங்கள் இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். இந்த ஊரில் எத்தனையோ பேர் முகம் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. போன வருஷம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க உங்கள் படம் கேட்டார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. எக்ஸ் சர்வீஸ்மேன் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மூக்கும் கண்ணும் புள்ளி புள்ளியாக உடைந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் அது தொங்கிய பதினாறு நாளும் நான் அந்த வழியாகப் போகவில்லை. எனக்குத் தொழில் கொடுத்தது நீங்கள் திருகோணமலையில் வாங்கி வந்த யாஷிக்கா. அதை என் கையில் கொடுத்தவர் நீங்கள். இப்படித் தண்டிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது வாசல்படிப் படம்.

அது எல்லோருக்கும் தெரிந்த படம். நீங்கள் சொன்ன கதையும் தெரியும். முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார்கள், கடித்துக்கொண்டு குடித்தோம், "எவடம் தம்பி?" என்று கேட்டார்கள். படத்தில் நீங்கள் படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கையில் கண்ணாடி டம்ளர், பக்கத்துச் சுவரில் எஸ்.எல்.ஆர். சாய்ந்திருக்கிறது, மேகசின் மாட்டியபடி. அந்த அம்மா வாசலுக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். ஆல்பத்தில் அது உள்ளங்கை அளவுப் படம். அதில் வாசலுக்குப் பின்னால் வெறும் இருட்டு.

மூன்றாவது ராத்திரி அதை மானிட்டரில் முழுசாகத் திறந்து இருட்டைத் தூக்கினேன். கதவு சாய்ந்து நிற்கிறது. மேல் கீல் பிய்ந்து, நிலையிலிருந்து ஒரு சாண் விலகித் தொங்குகிறது. கீல் இருந்த இடத்தில் மரம் வெள்ளையாக இருக்கிறது. பழைய உடைசல் என்றால் அந்த இடம் கறுத்திருக்கும். அதற்கும் பின்னால் ஒரு துணிப்பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்திருக்கிற துப்பாக்கியைப் பார்க்கிறார்.

யார் உடைத்தது என்று படம் சொல்லாது. நீங்கள் வருவதற்கு முன்னால் வேறு யாரோ உடைத்திருக்கலாம். நீங்களேகூட இருந்திருக்கலாம். உடைத்தவனே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருப்பானா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். பயந்த வீட்டில் எது கேட்டாலும் கொடுப்பார்கள், அதையும் யோசித்தேன். இதற்குமேல் இதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் உங்கள் மேல் கோபம் வருகிறது. ஒன்பது வயசுப் பையனுக்குத் துப்பாக்கியின் நீளத்தைச் சொன்னீர்கள், தோட்டாவின் எண்ணிக்கையைச் சொன்னீர்கள், தேத்தண்ணியைச் சொன்னீர்கள். கதவைச் சொல்லவில்லை. அந்தக் கதவை மட்டும் சொல்லியிருந்தால் 2009-ல் நான் உங்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், வேறு மாதிரி கேட்டிருப்பேன், நீங்களும் ஏதாவது பதில் சொல்லியிருப்பீர்கள்.

பிரிண்ட்டுகளின் பின்பக்கமெல்லாம் பால்பாயிண்டில் எழுதியிருக்கிறீர்கள். 'எஸ்.எல்.ஆர்., 1988', 'கேன், ரோட்டோரம்', 'ஹெலிபேட்'. டப்பாவில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் படம் போட்ட பேப்பர் துண்டும் இருந்தது. 1987 நவம்பர் 25-ல் இறந்து பரம் வீர் சக்ரா வாங்கியவர். அதன் ஓரத்தில்கூட 'நம்ம ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாசல்படிப் படத்தின் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. நம் தோப்பு மேட்டில் வேடியப்பன் என்று கும்பிடுகிற பழைய நடுகல்லில்கூட, லீவு முடிந்து கிளம்பும்போது நீங்கள் தேங்காய் உடைக்கிற கல்லில், வில்லையும் குறுவாளையும் செதுக்கினவன் மேலே நாலு வரி எழுத்தும் வெட்டி வைத்திருக்கிறான்.

உங்கள் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். எல்லாப் படத்தையும் இணையத்தில் போடலாம், பழைய ராணுவச் சாமான் படம் என்றால் தேடி வந்து பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்கிறான். துப்பாக்கி, செட், கேன், லாரி, ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து அனுப்பிவிட்டேன். உங்கள் அப்பாதான் எடுத்தார் என்று போடு, அவர் சாய்வாகக் குத்தியதால்தான் நீ பிறந்தாய் என்றும் போடு என்று சொன்னேன். வாசல்படிப் படத்தைக் கொடுக்கவில்லை. சித்தி அதைச் சுவரில் மாட்டக் கேட்டார். அதற்குப் பதிலாக, காட்டுக்குள் மெஸ் டின்னோடு நீங்கள் சிரிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மீசையெல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த அம்மாவின் முகத்தை, யாரென்று தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் வைக்க எனக்கு உரிமை இல்லை. அவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

நெகட்டிவையும் யாருக்கும் கொடுக்க முடியாது. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் இந்த வாரம் தெரிந்தது. அது கடைசி ரோல், 19-லிருந்து 24 வரை உள்ள துண்டு. 22-வது படம் அந்த வாசல்படி. அதோடு ரோலைக் கேமராவில் அப்படியே விட்டுவிட்டு 1989 மே மாதம் லீவில் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். 23-வது படம் நான். நம் வீட்டு வாசலில், அரை டிராயரில், மாங்காய் பறிக்கிற துறட்டியைத் தோளில் சார்த்தி, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நிற்கிறேன். பின்னால் நம் கதவு முழுசாக மூடியிருக்கிறது. கீழே உங்கள் நிழல் என் கால் வரைக்கும் வந்திருக்கிறது, கேமராவைக் கண்ணில் வைத்த முழங்கைகூடத் தெரிகிறது.

அந்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர். வெட்டவில்லை. புது வேப்பிலை போட்டு டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகன்